ஓலையில் இல்லாத பெயர்

தன்னைப் பற்றித் தானே எழுதுவது எளிது என்று நினைப்பவர், ஒரு விண்ணப்பத்தை எழுதிப் பார்த்ததில்லை என்றே கொள்ள வேண்டும். பிறரைப் பற்றி எழுதும்போது தாராளமாகப் புழங்கும் சொற்கள், நம்மைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் ஒன்று நாணி ஒதுங்குகின்றன. அல்லது நாணத்தை அறவே துறந்து கூத்தாடத் தொடங்குகின்றன. இரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் சொல் கிடைப்பதுதான் அரிதாக இருக்கிறது.

சென்ற ஆண்டின் இறுதியில் என்னுடைய பழைய மாணவி ஒருவர் என் இல்லத்துக்கு வந்திருந்தார். மேலைநாட்டுக் கலை அருங்காட்சியகம் ஒன்று வழங்கும் ஃபெலோஷிப் என்னும் ஆய்வு நல்கைக்குத் தாம் விண்ணப்பிக்கப் போவதாகவும், நான் ஒரு பரிந்துரைக் கடிதம் தர வேண்டும் என்றும் கேட்டார். சோழ மண்டலக் கரையில் எழுதிச் சாயமேற்றப்பெற்று இந்தோனேசியத் தீவுகளுக்குக் கப்பலேறிய பருத்தித் துணிகளே அவருடைய ஆய்வுப் பொருள். அத்துணிகளில் பல இன்று அவை பிறந்த ஊர்களில் இல்லை. கடல் கடந்த நாடுகளின் அருங்காட்சியகங்களில், வெளிச்சம் புகாத இழுப்பறைகளில், உறங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கண்ணால் கண்டு ஆராய வேண்டுமானால் அங்கேதான் செல்ல வேண்டும்.

இத்தகைய நல்கைகளின் நடைமுறை வாசகர்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். ஓர் அருங்காட்சியகம் ஆய்வாளர் ஒருவரைப் பெரும்பாலும் ஓர் ஆண்டுக் காலம் தன்னிடம் தங்கச் செய்து, வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகையையும் அளித்து, தன் சேமிப்பறைகளையும் நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் அவருக்குத் திறந்துவிடுகிறது. அவர் அங்குள்ள பொருள்களை ஆராய்ந்து, தாம் கண்டதை அறிஞர் அவையில் உரைக்க வேண்டும். இடங்களோ மிகச் சில. வேண்டுவோர் மிகப் பலர். ஆகவே விண்ணப்பத்தில் ஆய்வுத் திட்டத்தைச் சில பக்கங்களுக்குள் அடக்கிச் சொல்ல வேண்டும். எந்தெந்தப் பொருள்களை ஆராயப் போகிறோம் என்பதை அவற்றின் பதிவெண்களுடன் குறிப்பிட வேண்டும். நம் தகுதிகளை வரிசைப்படுத்த வேண்டும். நம்மை அறிந்த இருவரோ மூவரோ தனித்தனியே கடிதம் அனுப்ப வேண்டும்.

மாணவி இரண்டு வரைவுகளைக் கொண்டுவந்திருந்தார். முதல் வரைவு அவர் தாமாக எழுதியது. 'ஏதோ சிறிது அறிவேன்', 'வாய்ப்புக் கிடைத்தால் முயன்று பார்ப்பேன்' என்ற பாங்கில் அது தயங்கித் தயங்கி நடந்தது. அதைப் படிப்பவருக்கு அவர் நல்ல பெண் என்பது விளங்கும்; நல்ல ஆய்வாளர் என்பது விளங்காது. இரண்டாம் வரைவு, இத்தகைய விண்ணப்பங்களில் பழக்கமுள்ள ஒருவரின் அறிவுரையைக் கேட்டு எழுதியது. அதில் 'முதன்முறையாக' என்ற சொல் ஆறு இடங்களில் வந்தது. 'இதுவரை எவரும் கண்டிராத' என்பது இரண்டு இடங்களில் வந்தது. 'நான்' என்ற சொல்லை எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"இரண்டில் எது சரி, ஐயா?" என்று அவர் கேட்டார். எளிய வினாவாகத்தான் தோன்றியது. ஆயினும் அதற்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை.

தற்புகழ்ச்சி தகுமா என்பது நம் மொழிக்குப் புதிய வினா அன்று. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அந்நூலின் பாயிரப் பகுதியிலேயே இதை எடுத்துக்கொண்டு தீர்ப்பும் கூறியிருக்கிறார். முன்பு தோன்றாத நூல்களைத் தோற்றுவித்துப் பல துறைகளையும் முற்றக் கற்ற புலவனே ஆயினும், தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்று என்பது அவர் வகுத்த பொது விதி. ஒரு நூலுக்குப் பாயிரம் கூறும் கடமையையும் அவர் நூலாசிரியனிடம் விடவில்லை. அவனுடைய ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகியோரிடமே ஒப்படைக்கிறார். இன்று பரிந்துரைக் கடிதம் என்று நாம் வழங்குவதன் இலக்கணம் இதுவே அல்லவா? ஒருவனுடைய தகுதியை அவனை அறிந்த மற்றொருவர் சான்றாக நின்று சொல்ல வேண்டும் என்பதே இரண்டிலும் உள்ள கருத்து.

ஆனால் பவணந்தியார் அத்துடன் நிற்கவில்லை. புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளுதல் தகும் என்று நான்கு இடங்களை விலக்காகக் காட்டுகிறார். அரசனது அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போது. தன் ஆற்றலை உணராதவர்களிடையே நிற்கும்போது. அறிஞர் அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது. எதிராளி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கனுள் முதலாவதைப் பாருங்கள். மன்னனின் மன்றத்துக்கு விடுக்கும் ஓலை என்பது விண்ணப்பம் அன்றி வேறென்ன? முகம் அறியாத ஓர் அவை, நம்மைத் தேர்வதா விடுவதா என்று முடிவு செய்ய அமர்ந்திருக்கிறது. அந்த அவையின் முன் நம்முடைய ஓலை மட்டுமே செல்கிறது, நாம் செல்வதில்லை. அங்கே ஓலையும் வாய்மூடி நின்றால், அந்த அடக்கத்தால் எவருக்கும் பயன் இல்லை. அவைக்குத் தெரிய வேண்டிய செய்தி ஒன்று தெரியாமற் போனதே மிச்சம்.

இதற்கு மேலும் உயர்ந்ததொரு முன்மாதிரி, நம் வாசகர்கள் நன்கு அறிந்த வரலாற்றில் உண்டு. பஞ்சம் வரவிருந்த மிஸ்ரு நாட்டில், சிறையினின்று விடுவிக்கப்பெற்ற நபி யூசுஃப் (அலை) அவர்கள், நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு அரசரிடம் தாமே கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், தாம் பேணிக் காப்பவர் என்றும் அறிந்தவர் என்றும் தம் தகுதியையும் எடுத்துரைத்தார்கள். பசியால் வாடப்போகும் மக்களுக்காகத் தம் தகுதியைச் சொன்னதால் அது தற்பெருமை ஆகவில்லை. அந்த வாசகத்தில் 'பேணிக் காப்பவர்' என்ற தகுதி முன்னும் 'அறிந்தவர்' என்ற தகுதி பின்னும் நிற்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒப்படைத்ததைக் காக்கும் நேர்மை முதலில். அறிவு அதற்கு அடுத்தது.

ஆகவே மாணவியின் முதல் வரைவு சரியன்று என்று கூற எனக்குத் தயக்கம் இல்லை. தகுதி உடையவர் தம் தகுதியைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாதிருப்பது பணிவின் போலி. சில வேளைகளில் அது கேட்பவரைக் கெஞ்ச வைத்துப் புகழ்பெற விரும்பும் தந்திரமும் ஆகும்.

அப்படியானால் இரண்டாம் வரைவுதான் சரியா? ஆறு 'முதன்முறை'களில் நான்கை அடித்துவிட்டால் போதுமா? அன்று நான் அப்படித்தான் எண்ணினேன். சிவப்பு மசிப் பேனாவை எடுத்துக்கொண்டு மிகைச் சொற்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் என் கையை நிறுத்தியது. அதில் மிகை எதுவும் இல்லை. துணியின் மீது மெழுகினால் இழுத்த கோட்டின் போக்கைக் கொண்டு, ஒரு துணியில் எத்தனை பேருடைய கை வேலை செய்திருக்கிறது என்பதைப் பிரித்தறியும் முறை ஒன்றைத் தாம் கையாள்வதாக அவர் எழுதியிருந்தார்.

"இதை எங்கே கற்றாய், அம்மா?" என்று கேட்டேன்.

அவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார். துணிக்கு எழுதும் பரம்பரையில் வந்த மூதாட்டி ஒருவர், தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு இதைக் காட்டிக் கொடுத்தாராம். கோடு வளையும் இடத்தில் கை எங்கே நின்று மூச்சு வாங்குகிறது என்பதைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம் என்றாராம். முதல் வரைவில் அம்மூதாட்டியைப் பற்றி ஒரு வரி இருந்ததாம். அறிவுரை கூறியவர், அது விண்ணப்பத்தின் வலிமையைக் குறைக்கும் என்று சொன்னதால் நீக்கிவிட்டாராம்.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். திருத்தும் தகுதி எனக்கு இல்லை என்று அந்தக் கணத்தில் உணர்ந்ததே காரணம். அதை இங்கே விளக்கியாக வேண்டும்.

1987ஆம் ஆண்டு. அன்று நானும் இளைஞன். நானும் இத்தகைய நல்கை ஒன்றுக்கு விண்ணப்பிக்க முனைந்திருந்தேன். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சோழ மண்டலத் துணி ஒன்றின் வண்ணப்படம் என்னிடம் இருந்தது. அதில் மலரின் இதழ்கள் ஆழ்ந்த சிவப்பாகவும், மொட்டுகள் வெளிறிய சிவப்பாகவும் இருந்தன. அவை இரண்டு வேறு சாயங்கள் என்று நான் கொண்டிருந்தேன். அக்கருத்தின் மேல் ஒரு பெரிய கோபுரத்தையே எழுப்பியிருந்தேன். காவிரிக் கரையில் ஓர் ஊரில், துணிக்கு எழுதிச் சாயமேற்றும் தொழிலில் இருந்த முதியவர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, சிவப்பு ரெண்டு இல்லே, ஒண்ணுதான். படிகாரத் தண்ணிதான் ரெண்டு" என்றார்.

பிறகு விளக்கினார். சிவப்புச் சாயம் தானாகத் துணியைப் பற்றாது. கடுக்காயும் எருமைப் பாலும் ஊட்டிப் பதப்படுத்திய துணியில், எந்த இடம் சிவக்க வேண்டுமோ அந்த இடத்தில் முதலில் படிகார நீரால் எழுத வேண்டும். பின்னர் துணி முழுவதையும் சாயத்தில் இட்டுக் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டுமே சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். படிகார நீர் அடர்த்தியாக இருந்தால் சிவப்பு ஆழமாகும், நீர்த்திருந்தால் வெளிறும். ஒரே கொப்பரை, ஒரே சாயம், இரண்டு சிவப்பு. அவருடைய பாட்டனார் காலத்தில் கடலோர மணலில் தோண்டிய சாயவேரைப் பயன்படுத்தினார்கள். அவரோ கடையில் வாங்கும் அலிசரினைப் பயன்படுத்தினார். ஐரோப்பியர் அதைச் செயற்கையாகச் செய்யக் கற்றது 1860களின் இறுதியில். ஆனால் படிகாரத்தின் கணக்கு மட்டும் மாறவில்லை. கறுப்புக் கோடு போன இடங்களில்தான் பழந்துணி முதலில் இற்றுப்போகும், அது இரும்புத் துருவின் வேலை என்பதையும் அவரே சொன்னார்.

என் கோபுரம் சரிந்தது. அதைவிட நல்ல கட்டடம் ஒன்றை அவர் ஒரு பிற்பகலில் எழுப்பிக் கொடுத்தார். நான் ஊர் திரும்பி விண்ணப்பத்தைப் புதிதாக எழுதினேன். 'இவ்விரு சிவப்புகளும் ஒரே சாயத்தினின்று, படிகாரத்தின் அளவு வேறுபாட்டால் தோன்றியவை என்று நான் கருதுகிறேன்' என்பது அதன் உயிரான வாக்கியம். நல்கை கிடைத்தது. அங்கிருந்த ஆய்வுக்கூடச் சோதனை அக்கருத்தை உறுதி செய்தது. அறிஞர் அவையில் உரை நிகழ்த்தினேன், கைதட்டினார்கள். 1990இல் நாடு திரும்பி அந்த ஊருக்குப் போனபோது முதியவர் காலமாகியிருந்தார்.

அந்த வாக்கியம் பொய்யா? நான் பலமுறை எனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு. பொய் என்று எவரும் கூற முடியாது. நான் அப்படிக் கருதியது உண்மை. எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் அந்த உண்மையின் நடுவே ஓர் ஆள் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்த நுட்பமான குற்றத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டு, அதற்குப் பெயரும் இட்டிருக்கிறார்கள். ஒரு செய்தியை எவர் எவரிடம் கேட்டார் என்ற தொடர்ச்சியை இஸ்னாது என்பர். தாம் இன்னொருவர் வாயிலாகக் கேட்ட செய்தியை, அந்த இடைமனிதரின் பெயரை விட்டுவிட்டு, மேலே உள்ளவரிடம் நேரே கேட்டது போன்ற தோற்றம் தரும் சொற்களால் ஒருவர் அறிவித்தால், அதற்குத் தத்லீஸ் என்று பெயர். 'நான் நேரே கேட்டேன்' என்று அவர் பொய் சொல்வதில்லை. அப்படி நினைக்கும்படி சொல்லை அமைத்துவிடுகிறார், அவ்வளவுதான். பொய் இல்லாமலே உண்மைக்கு ஊறு செய்ய முடியும் என்பதை அந்த அறிஞர்கள் உணர்ந்திருந்தார்கள். என்னுடைய வாக்கியம் அந்த இனத்தைச் சேர்ந்தது. மாணவியின் மூன்றாம் பக்க வாக்கியமும் அதுவே.

இது ஏதோ இருவருடைய தனிப்பட்ட பிழை என்று தள்ளிவிடலாமே எனில், அருங்காட்சியகத்தின் சுவர்களைச் சற்றுப் பாருங்கள். ஒவ்வொரு பொருளின் அடியிலும் ஒரு சிறு குறிப்பு இருக்கும். பொருள், இடம், காலம், பின்னர் அது எவருடைய கொடை அல்லது எந்த நிதியினால் வாங்கியது என்ற செய்தி. நியூயார்க் மாநகரின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் எண்ணற்ற பொருள்களின் கீழ் ரோஜர்ஸ் நிதி என்ற பெயரைக் காணலாம். நியூ ஜெர்சியில் ரயில் இன்ஜின்கள் செய்து பெருஞ்செல்வம் ஈட்டிய ஜேக்கப் ரோஜர்ஸ் என்பவர், 1901இல் மறைந்தபோது ஏறத்தாழ 50 லட்சம் டாலரை அந்த அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார். அவர் பெயர் நிலைத்தது; கொடையாளர் பெயர் நிலைப்பது முறையே. ஆனால் அந்தப் பெயருக்கு மேலே, செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் எத்தனையோ குறிப்புகளில் வெறுமையாக இருக்கிறது. இந்தோனேசியத் தீவுகளில் கிடைத்த நம் கரைத் துணிகள் சிலவற்றில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை பதிந்திருக்கிறது. வாங்கி விற்றவனின் முத்திரை, துவைத்தும் போகாமல், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. எழுதியவளின் பெயருக்கோ, கொதிக்க வைத்தவனின் பெயருக்கோ அதே துணியில் ஓர் அங்குலம் கூடக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் ஆனந்த குமாரசுவாமியின் கருத்தை ஒதுக்கிவிட்டு மேலே செல்ல இயலாது. 1877இல் கொழும்பில், ஈழத் தமிழரான முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த அப்பேரறிஞர், 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். 1933 முதல் இந்திய, பாரசீக, முகம்மதியக் கலைகளுக்கான ஆய்வு ஃபெலோ என்னும் பதவியில் இருந்து, 1947இல் மறைந்தார். நாம் பேசும் இந்த ஆய்வாளர் நிலையின் பெருமைக்கு அவரைவிடச் சிறந்த சான்று காட்டுவது அரிது. தொன்மரபுக் கலைஞன் தன் பெயரை நிறுத்துவதில் நாட்டம் கொள்ளவில்லை, என்ன செய்யப்பெற்றது என்பதே அவனுக்கு முதன்மை, யார் செய்தது என்பது அன்று என்று அவர் வலியுறுத்தி வந்தார். பெயரின்மையை ஒரு குறையாக அன்றி, தான் என்பதைக் கடந்த நிலையாக அவர் கண்டார்.

அவர் காட்டிய உண்மையின் உயரத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டை வற்புறுத்தத் தோன்றுகிறது. தன் பெயரைத் தானே துறப்பது வேறு. பிறர் அதை விட்டுவிடுவது வேறு. முன்னது துறவு, பின்னது இழப்பு. காவிரிக் கரை முதியவர் தம் பெயரைத் துறக்கவில்லை. அவரிடம் எவரும் அதைக் கேட்கவே இல்லை. அவருடைய பெயரின்மையைத் தொன்மரபின் மாண்பு என்று நான் போற்றுவேனாயின், என் தவற்றுக்கே அவருடைய பணிவைப் போர்வையாக்கியவன் ஆவேன். பிறருக்காக நாம் பணிவு பூணுவதற்கு உரிமை கிடையாது.

தற்புகழ்ச்சி ஒரு பக்கம், பெயரின்மை மறுபக்கம் என்று நின்றால், இடையே வழி ஒன்றும் இல்லையா? உண்டு என்பதை நான் ஒரு கம்பளத்தில் கண்டேன். அர்தபீல் கம்பளம் என்று உலகம் புகழும் அது, பாரசீகத்தின் அர்தபீல் நகரில் ஷெய்கு சஃபீயுத்தீன் அவர்களின் அடக்கத்தலத்துக்காக நெய்யப்பெற்றது. லண்டனில் இன்று விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று வழங்கும் நிறுவனம் 1893இல் அதை 2000 பவுன் கொடுத்து வாங்கியது. ஏறத்தாழ பத்தரை மீட்டர் நீளமும் ஐந்தே கால் மீட்டர் அகலமும் கொண்டது. அதில் உள்ள முடிச்சுகள் 2.5 கோடிக்கும் மேற்பட்டவை. அதன் ஒரு முனையில் சிறு கட்டத்துக்குள் ஹாஃபிஸின் ஈரடி ஒன்றும், அதன் கீழே ஒரு பெயரும் ஆண்டும் உள்ளன. ஆண்டு ஹிஜ்ரி 946, அதாவது 1539-40. பெயர் காஷான் நகரத்து மக்ஸூத். அவர் தம்மைக் கலைஞர் என்றோ ஆசான் என்றோ கூறிக்கொள்ளவில்லை. வாயிற்படியின் அடிமை என்று கூறிக்கொண்டு, இது தம் பணி என்கிறார்.

பெயரை மறைக்கவில்லை; ஆனால் அதைச் சுமக்கும் சொல்லைத் தாழ்வாக்கினார். 'இதற்கு நான் பொறுப்பு' என்பதைத் தெளிவாகச் சொன்னார். 'இதனால் நான் பெரியவன்' என்பதைச் சொல்லாது விட்டார். அடக்கமான விண்ணப்பம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா என்று ஒரு காலத்தில் எண்ணி மகிழ்ந்தேன்.

இப்போது அந்த மகிழ்ச்சியிலும் ஒரு முள் இருப்பதை உணர்கிறேன். 2.5 கோடி முடிச்சுகளை மக்ஸூத் ஒருவரே இட்டிருக்க முடியாது. பலர் தறியில் அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் விரல் தேய்ந்திருக்க வேண்டும். மக்ஸூத் அந்த வேலையை முன்னின்று நடத்தியவராக இருக்கக்கூடும். அவருடைய பணிவு மெய்யானதே. ஆனால் அந்தச் சிறு கட்டத்துக்குள் அவருடன் இருந்தவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. எனவே, அளவறிந்து தன்னைச் சொல்வது மட்டும் போதாது என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. ஒருவன் தன்னை உயர்த்திச் சொன்னானா, தாழ்த்திச் சொன்னானா என்பதைவிட, தன்னோடு எவரைச் சேர்த்துச் சொன்னான் என்பதே உரைகல்.

நடைமுறை அறிந்தோர் இதற்கு எதிராக இரண்டு செய்திகளைக் கூறக்கூடும். ஒன்று, விண்ணப்பத்துக்குச் சொல்லளவு உண்டு. கற்பித்தவர் அனைவரையும் பட்டியலிட்டால் திட்டத்தைச் சொல்ல இடம் இராது. மற்றொன்று, தேர்வுக் குழுவுக்கு வேண்டியது விண்ணப்பதாரரின் தகுதி. மூதாட்டியின் தகுதி அன்று. போட்டி மிகுந்த இடத்தில் தன் வலிமையைத் தானே பங்கிட்டுக் கொடுப்பது அறியாமை.

முதலாவதற்கு விடை எளிது. வாழ்த்தியவர், வழியனுப்பியவர் எல்லாரையும் எழுத வேண்டும் என்று நான் கூறவில்லை. எந்த வாக்கியத்தின் மேல் நம் விண்ணப்பம் நிற்கிறதோ, அந்த வாக்கியம் எவரிடமிருந்து வந்தது என்பதை மட்டும் சொன்னால் போதும். அதற்கு ஒரு வரி போதும். என்னுடைய விண்ணப்பத்தில் அந்த ஒரு வரிக்கு இடம் இருந்தது, மனந்தான் இல்லை.

இரண்டாவதற்கு விடை சற்று ஆழமானது. அறிவு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வது அறிவின் வலிமையைக் குறைப்பதில்லை. அதைச் சோதித்துப் பார்க்கும் வாயிலைத் திறந்துவிடுகிறது. பல தலைமுறையாகத் துணிக்கு எழுதிய ஒருவரின் கண் சொன்ன முறை என்றால், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. 'நான் கையாளும் முறை' என்று மட்டும் சொன்னால், அது ஆதாரம் தெரியாத கூற்று. மேலும், திண்ணையில் உட்கார்ந்து கற்கத் தெரிந்த ஆய்வாளர் என்பதே ஒரு பெருந்தகுதி அல்லவா? அந்தத் தகுதியை மறைத்துவிட்டுத்தான் 'இதுவரை எவரும் கண்டிராத' என்ற வெற்றுச் சொல்லை அந்த இடத்தில் வைக்கிறோம். ஆனாலும் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பெயரைச் சொன்னதால் நல்கை கைநழுவிப் போகவும் கூடும். எல்லாக் குழுவும் இவ்வாறு எண்ணும் என்பதற்கு உறுதி இல்லை. இழப்பு நேராது என்ற உறுதி இருந்தால்தான் நேர்மையாக இருப்பேன் என்பவர், நேர்மையை அன்று, ஆதாயத்தைத்தான் நாடுகிறார். நமக்கு ஒருவர் கற்றுக்கொடுத்தது நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதம். அதைத் திருப்பித் தருவதில் நட்டம் வருமா என்று கணக்குப் பார்க்கும் உரிமை நமக்கு இல்லை.

இவற்றையெல்லாம் அன்று மாணவியிடம் நான் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை. என் பழைய கதையை மட்டும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். நான்கு நாள் கழித்து மூன்றாம் வரைவு வந்தது. அதில் 'முதன்முறையாக' ஓர் இடத்தில் மட்டும் இருந்தது. அந்த இடத்தில் அது உண்மை. தாம் செய்ததை அவர் தயங்காமல் சொல்லியிருந்தார். மூன்றாம் பக்கத்தில், மூதாட்டியின் பெயரும் ஊரும், அவரிடம் கற்றது இன்னது என்பதும், அதற்கு மேல் தாம் சேர்த்தது இன்னது என்பதும், இரண்டே வாக்கியங்களில் இருந்தன. அவரிடம் இசைவு கேட்டே பெயரை எழுதியதாகவும் சொன்னார். பேத்தி அதைப் படித்துக் காட்டியபோது மூதாட்டி, தம் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாராம்.

பவணந்தியார் விதித்தபடி, ஆசிரியன் கூற வேண்டிய பாயிரத்தை நானும் கூறினேன். என் கடிதத்தில் அவருடைய திறமைகளைக் குறைவின்றி எழுதிவிட்டு, இந்த மாணவியிடம் ஒரு பொருளை ஒப்படைத்தால் அது எவருடையது என்பதை மறக்க மாட்டார் என்று முடித்தேன். முடிவு இன்னும் வரவில்லை.

இன்னொரு கடிதமும் எழுதினேன். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எனக்கு நல்கை அளித்த அருங்காட்சியகத்துக்கு, அந்தத் துணியின் பதிவெண்ணைக் குறிப்பிட்டு, இரண்டு சிவப்பும் ஒன்றே என்பதை முதலில் சொன்னவர் நான் அல்லேன், இன்னார் என்று எழுதி, அப்பொருளின் கோப்பில் சேர்க்குமாறு வேண்டினேன். அவர் பெயரை இந்தக் கட்டுரையிலும் எழுதிவிட்டால் கடன் தீர்ந்துவிடும் போன்ற ஓர் ஆசை உள்ளத்தில் எழுகிறது. ஆனால் பெயர் விடுபட்ட இடம் இந்த ஏடு அன்று; அந்தக் கோப்பு. எங்கே விட்டேனோ அங்கே வைப்பதுதான் திருப்பிக் கொடுத்தல். வேறிடத்தில் வைப்பது என் பெருந்தன்மையைக் காட்டிக்கொள்ளும் மற்றுமொரு தற்புகழ்ச்சியாகிவிடும். அவருடைய மகன் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார். கடிதத்தின் படியொன்றை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் அங்கே போக வேண்டும்.